பாதம் என்று பாடுகிற இடம்

அக்கா பேசினால் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் எனக்கே பாதிதான் காதில் விழும். மீதியை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனியில் தையல் லைனில் சேர்ந்த புதிதில், பாவம், இந்த அம்மாவுக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். கோளாறும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆம்பூரிலிருந்து ஜோலார்பேட்டை வரைக்கும் அவ்வளவு பெரிய குரல் வேறு யாருக்கும் கிடையாது. அதைக் கண்டதற்கும் செலவு செய்யக் கூடாது என்றுதான் அப்படிக் குசுகுசுத்துக்கொண்டிருந்தாள்.

யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கத்தரிக்கோலால் மெஷின் தலையில் ஒரு தட்டு தட்டுவாள். வீட்டில் பிள்ளைகளை அதட்டுவதுகூடக் கைதட்டித்தான். அவள் வீட்டுக்காரர் ஜோலார்பேட்டையில் ரயில் தண்டவாள வேலை செய்பவர், நல்ல தமாஷ் பேர்வழி. "எங்க வூட்ல நான் மட்டும் கத்திக்கினு கெடப்பேன், இவ கையத் தட்டுவா. தெருவுல போறவன் இன்னாடா, பஜனை நடக்குதுன்னு செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்துடுவான்" என்பார். அக்கா அதற்கும் சத்தம் போடாமல் தோள் குலுங்கச் சிரிப்பாள். சிரிப்பைக்கூடத் தொண்டை வழியாக விடமாட்டாள்.

தயிர், கொய்யா, ஐஸ் எல்லாம் அவளுக்குப் பகையாளிகள். கம்பெனி பஸ்ஸில் நாங்கள் எல்லோரும் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்வோம், அவள் நடுவில் வந்து உட்காருவாள். மார்கழியில் ஏலகிரிப் பக்கத்திலிருந்து பனி இறங்கும்போது கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய நிற்பாள். பாத்ரூம் போவதற்குப் பசை ஒட்டும் பகுதியைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் பசை நெடி பட்டால் குரல் போய்விடும் என்று மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடுவாள். அங்கே இருக்கிற பெண்கள் "ஏய், வர்றாடி பி.டி. உஷா" என்று கேலி செய்வார்கள்.

நானும்தான் சிரித்தேன். பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

அவள் அம்மாவும் பாடுகிறவள். நடவு நடும்போது இவர்கள் வயலில் அந்த அம்மா பாட்டெடுத்தால் அடுத்த ஊர் வயலில் அந்தத் தாளத்துக்கு நடுவார்களாம். மழை தப்பி, கிணறும் கெட்டு, வயல் வேலை இல்லாமல் போனபோது அந்த அம்மா ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்புக்குக் கூலிக்குப் போனாள். சுண்ணாம்புத் தொட்டி ஓரத்தில் நின்று தோல் இழுக்கிற வேலை. கொஞ்ச வருஷம்தான். ஒருநாள் காலையில் மகளை எழுப்ப வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது.

"அப்பறம் பேச்சு வந்துச்சி. பாட்டு வரல" என்றாள் அக்கா. "எங்கம்மா அதுக்கப்பறம் பத்து வருசம் இருந்துச்சிடி. கல்யாணத்துல, திருவிழாவுல யாராச்சும் பாடுனா எழுந்து வெளிய போய்டும். நானும் அப்பிடி ஆயிடுவனோன்னு தூங்கி எழுந்ததும் பயமா கீது. கண்ணத் தொறக்கறதுக்கு முன்ன 'ம்'முனு பாத்துக்குவேன், இருக்குதான்னு."

தினமும் எழுந்ததும் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். இவள் குரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்தவள்.

அந்தக் குரலை நான் முழுசாகக் கேட்டது அவர்கள் தெருவில் கூழ் ஊற்றிய அன்று. அம்மன் முன்னால் அவள் பாட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கரண்டு போய்விட்டது. மைக் செத்துப்போனது. அவள் நிறுத்தவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்தவர்களெல்லாம் வந்து நின்றார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாடு ஓட்டிக்கொண்டு போன ஆள் அப்படியே நின்றுவிட்டார். நல்ல பாட்டைக் கேட்டால் சந்தோஷம் வரும் என்பார்கள். எனக்கு வந்தது பயம். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றை எட்டிப் பார்த்தால் வருமே, அந்தப் பயம். இத்தனையையும் இந்தப் பெண்பிள்ளை மெல்லிசான கழுத்துக்குள் எப்படி வைத்துக்கொண்டிருக்கிறாள், ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வாள் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது.

வேலை நேரத்தில் அவள் பாடினாளா என்றால், பாடினாள். ஆனால் அது எனக்கு மட்டும்தான் தெரியும். தையல் மெஷின்கள் எல்லாம் சேர்ந்து ஓடும் சத்தத்துக்கு அடியில், வாயை லேசாகத் திறந்துவைத்துக்கொண்டு, மெஷின் ஓட்டத்தையே தாளமாக வைத்து முனகிக்கொண்டிருப்பாள். லைன் நின்றால் பாட்டும் நின்றுவிடும். அவள் பாட்டெல்லாம் அவளே கட்டியவை. எழுதிவைக்கிற பழக்கம் கிடையாது. தைத்துக்கொண்டே கட்டுவாள், தைத்துக்கொண்டே மனப்பாடம் செய்வாள்.

கூழ் ஊற்றிய அன்று யாரோ போனில் பிடித்த வீடியோ எங்கெங்கோ சுற்றி, வேலூரில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தவர் கண்ணில் பட்டிருக்கிறது. ஆடி மாதத்துக்கு அம்மன் பாட்டு ஆல்பம் போடுகிறவர் அவர். வீடு தேடி வந்துவிட்டார். எல்லாப் பாட்டும் அக்காவே பாட வேண்டும், அவள் கட்டிய பாட்டாகவே இருக்க வேண்டும், யூடியூபில் போடுவோம், மைக் செட்காரர்களுக்கெல்லாம் கொடுப்போம் என்றார். அவள் வீட்டுக்காரர் அன்றைக்கே தண்டவாளத்தில் வேலை செய்கிற அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். அக்கா மட்டும் என்னிடம் வந்து, "நெசமாவாடி? எங்கம்மா பாட்டு ஒண்ணுகூட எங்கியும் இல்ல. அது செத்ததோட போச்சி. என்னது இருக்கும், இல்ல?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரெக்கார்டிங் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஊசி உடைந்தது.

எங்கள் கம்பெனியில் ஊசி உடைவது சாதாரண விஷயம், ஆனால் சாதாரணமாக விடமாட்டார்கள். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கைக்கு வந்தாக வேண்டும். அதுவரை அந்த மெஷின் ஓடக் கூடாது. பக்கத்தில் இருக்கிற ஷூக்களையெல்லாம் தடவிப் பார்ப்போம், காந்தத்தை வைத்துத் தரையைப் பெருக்குவோம். ஒரு முனை ஷூவுக்குள் போய், அதைப் போடுகிறவர் காலில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அன்று நாங்கள் தைத்துக்கொண்டிருந்தது குழந்தை ஷூ. உள்ளங்கையில் வைத்தால் உள்ளங்கை மிச்சமிருக்கும், அவ்வளவு சின்னது. அதில் பக்கிள் இருந்ததால் இரும்பு கண்டுபிடிக்கிற மெஷினில் விட முடியாது. விட்டால் நல்ல ஷூவுக்கும் கத்தும். அதனால் கையால்தான் தடவிப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அக்கா கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் மெஷினில் மேல் துண்டு இருந்தது, முனை இல்லை. லைன் இன்சார்ஜ் ஓடிவந்து தேடினார். நாங்களும் தேடினோம். அன்று சாயந்திரம் லோடு போக வேண்டும், அவருக்கு வியர்த்து ஊற்றியது. அக்கா மெஷினின் அடித்தட்டைத் திறந்து, பஞ்சுக் குப்பைக்குள் விரலை விட்டு ஒரு முனையை எடுத்துக் காட்டினாள். இன்சார்ஜ் அதைச் சேர்த்து வைத்துக்கூடப் பார்க்கவில்லை. "அப்பாடா" என்று புது ஊசியைக் கொடுத்துவிட்டு ஓடிப்போனார்.

பஸ்ஸில் வரும்போது என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அது இல்லடி" என்றாள்.

"எது அக்கா?"

"நான் குடுத்தது. அது எப்பவோ உள்ள மாட்டிக்கினது, பழசு. இன்னிக்கு ஒடைஞ்சது இங்க கீது." கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "பாடிக்கினு இருந்தேன், வாயி தொறந்துகெடந்துச்சி. ஒடைஞ்சப்ப சுருக்குன்னுச்சி. உள்ள போய்டுச்சி."

"இன்சார்ஜாண்ட சொல்லியிருக்கலாம் இல்ல? இப்பவே ஆஸ்பத்திரி போலாம், வா."

"போனா அறுப்பாங்க. கழுத்த அறுத்தா அப்பறம் நான் பாடுவனா? ஞாயித்துக்கெழம ஆவட்டும். ஆல்பம் முடியட்டும். அப்பறம் அறுத்துக்கட்டும், இன்னா வேணா பண்ணிக்கட்டும்."

"அதுக்குள்ள ஏதாச்சும் ஆயிட்டா?"

"என் தொண்ட, என் ஊசி. வேற யாருக்கு இன்னா நஷ்டம்?" என்றாள். வீட்டுக்காரரிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அந்த இரண்டு ராத்திரிகளும் நான் தூங்கிய மாதிரியே இல்லை. மீன் முள் மாட்டினால் செய்கிற வைத்தியமெல்லாம் செய்தாள். வெறும் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கினாள். வாழைப்பழமாக விழுங்கினாள். சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்துப் பார்க்கச் சொன்னாள். எனக்கு உள்நாக்குதான் தெரிந்தது. "ஒண்ணும் தெரியலக்கா" என்றால் "கீழ எறங்கிடுச்சி போல" என்பாள். எச்சில் விழுங்கும்போதெல்லாம் முகம் சுருங்கும். ஒவ்வொரு தடவையும் எனக்கும் என் தொண்டையில் குத்தியது. அன்று அவள் முனகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் துணைக்கு வேலூர் போனேன். ஸ்டுடியோ என்றால் ஒரு வீட்டு மாடி அறை, சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் ஸ்டுடியோக்காரரும் வீட்டுக்காரரும் நானும். நான் கைக்குட்டையைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வாயிலிருந்து ரத்தம் வந்தால் ஓட வேண்டுமே என்று. வீட்டுக்காரர் ஒன்றும் தெரியாமல் "இன்னாம்மா நீ அழுவுற மாதிரி கீற, சந்தோசமா இரும்மா" என்றார்.

முதல் பாட்டு பாலாற்று அம்மனைப் பற்றியது.

"பாலாத்து மணலு மேல பாதம் வெச்சி வர்றவளே,
பாதம் சுடுமேன்னு என் உள்ளங்கைய விரிச்சேனே..."

இரண்டாவது 'பாதம்' உச்சியில் போய் நிற்க வேண்டிய இடம். அங்கே ஏறும்போது அவள் குரல் ஒரு கணம் அறுந்தது. விக்கல் மாதிரி ஒரு சின்ன நிறுத்தம். கை தன்னால் கழுத்துக்குப் போனது. நான் எழுந்துவிட்டேன். ஆனால் அறுந்த இடத்திலிருந்தே குரல் மறுபடி எழுந்து மேலே போனது. கூழ் ஊற்றிய அன்று கேட்டதைவிடப் பெரிதாக, சுவரில் ஒட்டிய ஸ்பாஞ்செல்லாம் எதற்கு என்று கேட்கிற மாதிரி. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குத்துகிறதா என்று காத்திருந்து, குத்தட்டும் என்று துணிந்து பாடினாள். எனக்கு அது தெரியும். ஸ்டுடியோக்காரருக்கு எப்படித் தெரியும்? பாட்டு முடிந்ததும், "அந்த எடத்துல ஒரு ஒடைசல் குடுத்தீங்க பாருங்க, சூப்பர்மா. ஒவ்வொரு பாட்லயும் அது வேணும்" என்றார். அக்கா தலையாட்டினாள். கேட்டு வரவழைக்க வேண்டிய அவசியமே இல்லை, எல்லாப் பாட்டிலும் உச்சியில் அது தானாக வந்தது.

சாயந்திரம் எல்லாம் முடிந்து மாடிப்படி இறங்கும்போதுதான் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அந்த மனுஷன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலையில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அவள் தலை குளித்து, பொட்டு வைத்து, அறுவைக்குத் தயாராகவே வந்திருந்தாள். பயமே இல்லை. பாடி முடித்தாயிற்று, இனி என்ன ஆனால் என்ன என்கிற முகம். "பேச்சாச்சும் மிஞ்சுனா போதும்" என்றுகூட என்னிடம் சிரித்தாள்.

கழுத்து, நெஞ்சு, வயிறு எல்லாம் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் குழாய் விட்டுத் தொண்டையையும் பார்த்தார். பொறுமையான மனிதர்.

"ஒண்ணுமே இல்லம்மா. சோத்த முழுசு முழுசா முழுங்கினதுல லேசா செவந்திருக்கு, அவ்ளோதான். ஊசியும் இல்ல, அது குத்துன தடமும் இல்ல. நீங்க தாராளமா பாடலாம்."

வீட்டுக்காரர் டாக்டரைக் கும்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதார். எனக்கும் மார்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"நல்லா பாருங்க சார்" என்றாள்.

"பாத்தாச்சும்மா."

"இருக்கும் சார். இன்னொரு தபா பாருங்க சார், உங்க கால்ல விழறேன்." அந்தக் குசுகுசுப்பு போய், அறை அதிரக் கேட்டது. வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஊசி இல்லை என்றால் கதறுகிற நோயாளியை அவர் பார்த்திருக்கமாட்டார். நான் அவளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து பெஞ்சில் உட்காரவைத்தேன்.

"இங்க இல்லன்னா அப்ப எங்கடி போச்சி?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இத்தனை நாளும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு கழுத்துக்காக மட்டுமே பயந்துகொண்டிருந்தோம்.

தரையில் எங்காவது விழுந்திருக்கும், குப்பையோடு போயிருக்கும் என்றேன். நீ கொடுத்த துண்டுதான் அன்று உடைந்ததாக இருக்கும் என்றும் சொல்லிப் பார்த்தேன். "அது துருப்புடிச்சிருந்துச்சிடி" என்றாள்.

அங்கிருந்து நேராகக் கம்பெனிக்குப் போனாள். இன்சார்ஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் வெலவெலத்துப் போனார், பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். "லோடு வெள்ளிக்கெழமயே போய்டுச்சி. இந்நேரம் கப்பல்ல ஏறியிருக்கும். எல்லாம் கையால தடவிப் பாத்து அனுப்பினதுதானே? சும்மா கெடக்கறத நோண்டி என் பொழப்பையும் கெடுக்காத" என்றார். அவள் விடவில்லை. மேலே ஆபீசுக்குப் போனாள். அங்கேயும் விசாரிக்கிறோம் என்றார்கள். பிறகு அவளைத்தான் விசாரித்தார்கள், பொய்த் துண்டு கொடுத்ததற்கு. மாதக் கடைசியில் வேலை போயிற்று. போனதற்கு அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "அவங்க கேட்டதும் சரிதானே? குடுத்தது நான்தானே?" என்றாள்.

ஆடி பிறந்தது. ஆல்பம் வந்தது. முதல் வெள்ளிக்கிழமையே வேப்பிலை கட்டிய எல்லாத் தெருவிலும் அவள் குரல்தான். வாணியம்பாடி போனால் அங்கேயும், குடியாத்தம் போனால் அங்கேயும். ஆட்டோக்காரர்கள் அதையே போட்டுக்கொண்டு போனார்கள். அந்த உடைசல்தான் எல்லோரையும் அடித்துப் போட்டது. அம்மன் இறங்குகிற இடம் அது என்றார்கள். அந்த இடம் வரும்போது பெண்கள் சாமி ஆடினார்கள். இப்போதெல்லாம் திருவிழா மேடைகளில் பாடுகிற சின்னப் பெண்கள்கூட உச்சிக்குப் போகும்போது வேண்டுமென்றே ஒரு விக்கல் விக்கி, கழுத்தில் கைவைக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் உள்ளங்கால் கூசுகிறது. எழுந்து வந்துவிடுகிறேன்.

அவளைக் கச்சேரிக்குக் கூப்பிட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். இரண்டாவது ஆல்பத்துக்கு ஸ்டுடியோக்காரர் நடையாய் நடந்தார். ஒன்றுக்கும் போகவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டாளாம். தயிர் சாப்பிடுகிறாள், ஐஸ் தண்ணீர் குடிக்கிறாள், கேட்டால் சிரிக்கிறாள் என்று அவள் வீட்டுக்காரர் ஒருமுறை என்னிடம் சொல்லி அழுதார்.

கடைசியாக அவளைப் பார்த்தது ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில். போன ஆடியில்தான். பூக்கடை ஸ்பீக்கரில் அவள் பாட்டே ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் நின்றிருந்த யாருக்கும் அவளைத் தெரியவில்லை. இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நலம் விசாரிக்கவில்லை, பிள்ளைகளைக் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு காதோரம் வந்து, பழைய குசுகுசுப்பில் கேட்டாள்.

"அந்த ஷூ போன ஊர்லருந்து ஏதாச்சும் சொன்னாங்களாடி?"

"இல்லக்கா. இத்தினி வருசம் ஆயிடுச்சி. ஏதாச்சும் ஆயிருந்தா அப்பவே கம்ப்ளெய்ண்ட் வந்திருக்கும். ஒண்ணும் வரல. நீ மறந்துடு."

"எப்படி வரும்?" என்றாள். "அது பேச்சு வராத கொழந்த போடற ஷூடி. அழுதா, பால் குடுத்துட்டுப் போய்டுவாங்க."